உங்கை

காஷ் கிறீக்குக்கு வடக்கே, நெடுஞ்சாலை ஓரம்,
பச்சைப் பலகை, மஞ்சள் எழுத்து.
'பயணிகள்' என்ற சொல்லின் வயிற்றில்
யாரோ சுட்டுப் பழகிய ஓட்டை.
இங்கே, என்று தொடங்குகிறது.
இங்கே குதிரைவண்டிகள் நின்றன.
ஆறு குதிரைகளை அவிழ்த்து
வேறு ஆறு குதிரைகளைப் பூட்டினார்கள்.
பொன் தேடிப் போனவர்கள் இறங்கிக் கால் உதறினார்கள்.
அவரைக்காயும் பன்றியும் ஒரு டொலர்.

என் வேலை அதைத் தள்ளி வைப்பது.
முந்திச்செல்ல ஒரு பாதை போடுகிறோம்,
ஆகவே வரலாறு நாற்பத்தெட்டு மீற்றர் தெற்கே போகவேண்டும்.

கோப்பைத் திறந்தால் இது நாலாம் தரம்.
ஐம்பத்தொன்பதில் பாலத்துக்காக.
எழுபத்துநாலில் வளைவை நிமிர்த்தியபோது.
பிறகு ஒருநாள் விடிய
மரக்குற்றி ஏற்றிய லொறியின் சாரதி நித்திரையாகி
நேரே இதில் கொண்டுவந்து முட்டியபோது.
வண்டிகள் நின்று நூறு வருடத்துக்கு மேல்.
இந்த 'இங்கே' மட்டும்
இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

வேர்ன் குழி தோண்டுகிறான்.
'மெதுவாக' என்ற தட்டியைப் பிடித்தபடி டார்லீன்,
செக்வெப்மெக் பெண், இந்தப் பள்ளத்தாக்கின் ஆள்,
கார் வரிசையைக் கண்ணாலேயே அடக்கி வைத்திருக்கிறாள்.
"குதிரை என்னத்தைக் குடிச்சது?" என்றாள்.
பலகையை மறுபடி வாசித்தேன். அதில் இல்லை.
"பன்னிரண்டு மைல் ஏற்றம். நுரை தள்ளிக்கொண்டு வந்து நிக்கும்.
என்ன, றோட்டையா நக்கும்?"
கை இரண்டும் தட்டியில்.
நாடியால் காட்டினாள்:
கிழக்கே, கம்பி வேலிக்கு அப்பால், கொஞ்சம் வில்லோ மரங்கள்.

மத்தியானம் சாண்ட்விச்சோடு வேலி தாண்டினோம்.
சேஜ் புதர் காற்சட்டையெல்லாம் மணத்தது.
பிறகு திடீரென்று சப்பாத்துக்குக் கீழே ஈரம்.
விரல் அளவு ஊற்று,
அதன் ஓரம் மனிதர் அடுக்கிய நாலு கல்.
அவ்வளவுதான். ஐந்தாவது கல்லைத் தேடினேன், இல்லை.
வேர்ன் குந்தியிருந்து சேற்றைக் கிண்டி
ஒரு லாட ஆணியை எடுத்தான்.
துடைத்து உதட்டில் கவ்விக்கொண்டான்.
லாடம் அடிக்கிறவன் அப்படித்தான் வைத்திருப்பானாம்,
ஆணி பல்லில் இருக்க அவன் சொன்னது
பாதிதான் விளங்கியது.

அந்த ஊற்றடியில் நின்று றோட்டைத் திரும்பிப் பார்த்தேன்.
எங்கட பேச்சில் மூன்று சொல் உண்டு.
இஞ்சை, என் காலடி.
அங்கை, இருவருக்கும் தூரம்.
உங்கை, நீ நிற்கிற இடம், நான் நில்லாதது.
சென்னையில் ஒருதரம், சேலைக் கடையில்,
"உது என்ன விலை?" என்று கேட்டு
கடைப் பையனைச் சிரிக்க வைத்திருக்கிறேன்.
ஆங்கிலத்துக்கு இரண்டே போதும்.
அரசாங்கப் படிவத்துக்கு ஒன்று:
அகலாங்கு, நெட்டாங்கு, கையொப்பம்.

மூன்று மணிக்கு சீமெந்து ஊற்றினோம்.
நீர்மட்டத்தின் குமிழி நடுவுக்கு வரும்வரை
நான் கம்பத்தைப் பிடித்திருந்தேன்.
இறுகுவதற்கு முன் வேர்ன் குனிந்து
எதையோ உள்ளே அமுக்கினான்.
ஆணியா என்று கேட்கவில்லை.
படிவத்தில் அதற்கு இடமும் இல்லை.

சாமான்களை ஏற்றிக்கொண்டு நின்றபோது
ஒரு வீட்டுவண்டி ஒதுங்கியது.
அரைக் காற்சட்டைக் கிழவர் இறங்கி
பலகையை முழுதாக வாசித்தார்,
ஓட்டைக்குள் விரல் விட்டுப் பார்த்தார்,
பின்பக்கம் போய் நிம்மதியாகச் சிறுநீர் கழித்தார்,
திரும்பி வந்து,
றோட்டுக்கு இந்தப் பக்கம் நின்ற என்னிடம் கத்தினார்:
"உண்மையாகவே இங்கேயா?"

களைப்பு. யோசிக்க முதல் வாய் சொல்லிவிட்டது:
"உங்கைதான்."

ஏதோ பழைய ஊரின் பெயராக்கும் என்று தலையாட்டி,
சட்டைப்பையில் பேனையைத் தேடிக்கொண்டே
எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார்.