நூற்றுக்கு முப்பது

ஜூலை. பரனவாயியில் இது குளிர்காலம்.
மரவள்ளி மாவைக் காய்ச்சி ஊற்றிக்
காயவைத்த படலத்தின் இரு முனைகளையும்
இரும்புத் தாடைகளுக்குக் கவ்வக் கொடுத்து
பொத்தானை அழுத்துகிறாள் இவோனெட்டி.
டக்.
நூற்றுக்கு மூன்று நீண்டதாம், திரை சொல்கிறது.
பிஸ்கெட்டாவது கொஞ்சம் யோசித்து உடையும்.

பெயர் நெகிழி.
நெகிழத்தான் வரவில்லை.

உள்ளே, மாவின் நீண்ட சங்கிலிகள்
சந்தை நெரிசலில் தொலைந்துபோகப் பயந்த பிள்ளைகள்போல்
ஒன்றின் கையை ஒன்று விடுவதில்லை.
இழுத்தால் நகரத் தெரியாது,
முறியத்தான் தெரியும்.

கிளிசரின் ஊற்றுகிறாள்.
சோயா எண்ணெயை டீசலாக்கும் ஆலையில்
கேட்பாரற்றுத் தேங்கிய மிச்சம்.
குடுவையின் வாயில் தயங்கித்
தன் பாட்டுக்கு இறங்குகிறது.
சங்கிலிக்கும் சங்கிலிக்கும் நடுவே போய் நின்று
இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை.
பிடி தளர்கிறது.
வழுக்கிப் போக இடம் கிடைக்கிறது.

நூறு பங்கு மாவுக்குப் பத்து: உடைந்தது.
இருபது: மடித்த இடத்தில் வெள்ளைக் கோடு.
நாற்பது: துணிபோல் விழுந்தது. கைதட்டினார்கள்.
அந்தப் பைகளைத்தான்
காப்பி நாற்று வளர்க்கும் அதேமார் வாங்கிப்போனார்.

ஜனவரி மழையில் பைகளுக்கு வியர்த்தது.
காற்றின் ஈரத்தையெல்லாம் அழைத்து
மடியில் வைத்துக்கொண்டது கிளிசரின்.
ஒன்றோடொன்று ஒட்டின. தொட்டால் பிசுக்கு.
அதுவும் இனிப்பான பிசுக்கு.
அதேமார் தொலைபேசியில் கத்தினார்:
"உங்கள் பையை எறும்பு தின்கிறது.
நாற்றுக்கு நான் எதை உடுத்துவது?"

இவோனெட்டியும் வால்டெசிரும்
மே மாதத்திலிருந்து பேசிக்கொள்வதில்லை.
அறிக்கையில் யார் பெயர் முதலில் என்பதில் தொடங்கியது.
ஒரே மேசை. ஒரே தராசு.
"ஐந்து கிராம் குறைக்கச் சொல்" என்பார் அவர்,
குடுவை கழுவும் இராசியிடம்.
"ஐந்து கிராம் குறைத்துப் பார்க்கலாமா என்று கேட்கிறார்"
என்பாள் இராசி, இவோனெட்டியிடம்.
அந்தக் 'கலாமா' அவள் சொந்தச் சரக்கு.

முழங்கால் அறுவைக்கு இராசி போன இரண்டு வாரத்தில்
உடைந்தவை: இரண்டு குடுவைகள், ஒரு வெப்பமானி,
கதவின் கண்ணாடி.
அது காற்றுக்குச் சாத்திக்கொண்டதாகப் பதிவேடு சொல்கிறது.

பிறகு முப்பதுக்கு வந்தார்கள்.
இருபது கிளிசரின், பத்து சார்பிட்டால்.
சார்பிட்டால் கொஞ்சம் கருமி,
தண்ணீரை அவ்வளவாக உள்ளே விடாது.
தாடைகள் இழுத்தன, படலம் வந்தது,
இன்னும் வந்தது,
நூற்றுக்கு ஐம்பத்தெட்டில்தான் மனம் விட்டது.
(ஆறு வாரம் அலமாரியில் இருந்ததும்
நாற்பத்தொன்று ஆனது.
சங்கிலிகள் பழைய கைகளைத்
தேடிக்கொண்டே இருக்கின்றன போலும்.
அதற்கு இன்னும் வழி தெரியவில்லை.)

நட்ட நான்காம் மாதம்
அதேமாரின் தோட்டத்தில் தோண்டினார்கள்.
பை இல்லை.
சிவந்த மண்ணில், முதலில் பையின் வடிவத்துக்கும்
பிறகு தன் இஷ்டத்துக்கும் போன வேர்.

"அந்தக் கிளிசரின் எங்கே?" என்றாள்
ஊன்றுகோலில் நின்ற இராசி.
"முதல் மழையிலேயே போயிருக்கும்,
எதோடும் அது கட்டுண்டிருக்கவில்லை.
நடுவில் நின்றது, அவ்வளவுதான்" என்றார் வால்டெசிர்.

"எந்தத் தேதி மழை?"
கேட்டது இவோனெட்டி.
குறிப்பேட்டிலிருந்து தலை நிமிரவில்லை.

இராசி வாயைத் திறந்து
மூடிக்கொண்டாள்.

"பதினேழு," என்றார் அவர், கொஞ்சம் பொறுத்து.
"பதினெட்டாகவும் இருக்கலாம்."