பருப்பு வேறு பக்கம்

விடியற்காலை மூன்றே முக்காலுக்கு
பண்ருட்டி லாரி வந்து நிற்கிறது.
கலியமூர்த்தி இறங்கி லுங்கியை உதறிக் கட்டி
"பதினெட்டு டன்னு, ஈரமே இல்ல" என்கிறார்.
போன முறையும் அதைத்தான் சொன்னார்.
ஒரு கை அள்ளி முகர்கிறேன்.
முந்திரி ஓடு.
எண்ணெய் பிழிந்தது போக மிஞ்சிய சக்கை.

பருப்பு வேறு பக்கம் போய்விட்டது.
தூத்துக்குடியில் கப்பலேறியிருக்கும்,
இல்லாவிட்டால் ஏதாவது கல்யாண மண்டபத்தில்
கேசரியின் மேல் உட்கார்ந்திருக்கும்.
எண்ணெய் இன்னொரு பக்கம்.
பிரேக் லைனிங்கில் சேர்க்கிறார்களாம்.
"நீங்க மிதிக்கிற பிரேக்குலயும் முந்திரி இருக்குதுங்க" என்றால்
கலியமூர்த்தி நம்புவதில்லை.
திருப்பூருக்கு, வீரபாண்டிப் பிரிவு தாண்டி
இந்தச் சாயப்பட்டறைக்கு
வருவது ஓடுதான்.

நான் சென்னியப்பன்.
இரண்டாம் கிளாஸ் பாய்லர் சர்ட்டிபிகேட்.
ஸ்டீம் பத்தரை கிலோவுக்குக் கீழே போகாமல்
பார்த்துக்கொள்வது வேலை.
போனால் மேலே நேவி ப்ளூ திட்டுத் திட்டாகும்,
மேனேஜர் போன் அடிப்பார்:
"ஏனுங்க சென்னியப்பன், தூங்கீட்டீங்களா?"

முன்பு சீமைக்கருவேல் எரித்தோம்.
அந்தப் புகைக்கு ஒரு ஞாயம் இருந்தது.
ஓட்டுப் புகை, கதவைத் திறந்ததும்
சுருக்கென்று தொண்டையைப் பிடிக்கும்.
கையுறை கிழிந்த அன்று
விரலிடுக்கில் பட்ட பிசின்
பதினோரு நாள் தோலை உரித்தது.
உடைக்கிற பெண்கள் சாம்பல் பூசிக்கொள்வார்களாம்,
விளக்கெண்ணெயும்.
அப்படியும் ரேகை போய்விடும்.
ரேஷன் கடை மிஷினில் விரல் வைத்தால்
நீ யாரென்று கேட்குமாம்.
கலியமூர்த்தி சம்சாரம்
மூன்று மாதமாகச் சர்க்கரை வாங்கவில்லை.

சாக்குகளில் ஊர்ப் பெயர் இருக்கும்.
பிஸ்ஸாவ். அபிஜான்.
பாதி அழிந்து 'வாரா' என்று முடிகிற ஒன்று.
அங்கே மழை பிந்தினால்
இங்கே ஓடு கிலோவுக்கு இரண்டு ரூபாய் ஏறும்.
கொட்டை கடல் தாண்டக்கூடாதென்று
யாரோ ஒரு மந்திரி கையெழுத்துப் போட்ட வருஷம்
மறுபடி விறகுக்கு அலைந்தோம்,
அவர் பெயரைக்கூடச் சரியாகத்
திட்டத் தெரியாமல்.

பேக்கிங் செக்‌ஷன் கலாமணி ஒரு கணக்குச் சொன்னாள்.
நாம் சாயம் போட்ட பனியன் ஜெர்மனி போய்
நாற்பது சலவை கண்டு
பழந்துணி மூட்டையாகி ஆப்பிரிக்காவில் இறங்கி
கொட்டை பொறுக்குகிறவன் முதுகில் ஏறுமாம்.
கேட்க நன்றாகத்தான் இருந்தது.
அவ்வளவு வட்டமாக எதுவும் திரும்பி
நான் பார்த்ததில்லை.
கொடுத்த கைமாத்துகூட.

நேற்று ராத்திரி ஷிப்டில்
வாரிப் போட்டுக்கொண்டிருந்த தைதாரி நிறுத்தினான்.
ஒடிசா, கஞ்சம் ஜில்லா. பேச்சு குறைவு.
சக்கைக்குள் ஒரு முழுக் கொட்டை.
அவியலில் வேகாமல்
கத்தியில் படாமல்
செக்கில் நசுங்காமல்.
கூப்பிடும் முன்னே வந்து நிற்கிறவனைத்தானே
ஊரில் முந்திரிக்கொட்டை என்கிறோம்.
இது கடைசிவரை முன்னால் வராத கொட்டை.

"எங்க காட்டுல இது நெறைய" என்றான்.
தமிழில் அவன் பேசி நான் கேட்ட
நீளமான வாக்கியம்.
"காடு யாருது?"
"கவர்மெண்டு. ஏலம்."

கம்பியால் இடுக்கி அடுப்பு வாயில் காட்டினான்.
ஓடு சீறி, எண்ணெயைத் துப்பி,
தானே தனியாக ஒரு தீ பிடித்துக் கறுத்தது.
ஸ்பேனரால் ஒரு தட்டு.
பருப்பு இரண்டாய்ப் பிளந்தது.
முழுசு, பாதி, துண்டு, குருணை என்று
இருபதுக்கு மேல் தரம் உண்டாம்.
பிளந்தால் விலை விழுந்துவிடும்.
நாங்கள் இரண்டு பேர் இருந்தோம்.

முதலில் கரி. அப்புறம்
பால் மாதிரி ஒன்று, மெதுவாக.
மூன்று வருஷமாய் எரிப்பது எதன் ஓடென்று
நாக்குக்கு அப்போதுதான் சொல்லப்பட்டது.

கேஜ் ஒன்பதரைக்கு இறங்கியிருந்தது.
தைதாரி மண்வெட்டியை எடுத்தான்.
போன் அடித்தது.
அடிக்கட்டும் என்று
கடைவாயில் மாட்டியதைத்
துழாவிக்கொண்டிருந்தேன்.