சும்மா கிடந்ததற்கான ரசீது

நாலரை மணிக்குக் கடலூரில் ஏறினேன்.
தவளக்குப்பம் தாண்டும்வரை
வெறும் வயிறு பஸ்ஸோடு சேர்ந்து குலுங்கியது.
அஞ்சு படி ஏறினால் கால் கல்லாகிவிடும் எனக்கு
கோரிமேட்டில் மூன்றாவது மாடி.
லிஃப்ட் வேலை செய்தது. கும்பிட்டேன்.

"அசையக் கூடாது அஞ்சலாட்சி, தூங்கவும் கூடாது"
என்று சொல்லி அமலோற்பவம்
தலைமேல் ஒரு கண்ணாடிக் கூண்டைக் கவிழ்த்தாள்.
கோழிக்குஞ்சை மூடும் பஞ்சாரம் மாதிரி.
இதில் பருந்துக்கு எல்லாம் தெரியும்.
நான் விடும் மூச்சை ஒரு குழாய் வாங்கிப்போய்
பக்கத்து எந்திரத்திடம் கொடுக்க
அது எண்ணியது.

போன வாரம் சர்க்கரைக் கஞ்சி.
இன்று அதே கலோரிக்கு
நெய், பாலாடை, தேங்காயெண்ணெய்
அடித்துக் கலக்கிய ஏதோ ஒன்று.
டீசல் ரொம்பியிருந்தும்
உப்பனாற்று முகத்துவாரத்தில் நின்றுபோகிற படகு
என் உடம்பின் ஒவ்வொரு அணுவும்.
எண்ணெயை மாற்றிப் பார்க்கிறார்கள்.
ஓடுமா, வெறுமனே உறுமுமா
என்று டாக்டருக்கும் தெரியாது.
தெரிந்திருந்தால் என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டார்.

கொழுப்பு.
இந்தச் சொல்லை முன்பே நிறையச் சாப்பிட்டிருக்கிறேன்.
குடத்தைப் பாதி வழியில் இறக்கிய அன்று
"கொழுப்பெடுத்தவ" என்றாள் நாத்தனார்.
இமை சரிந்த கண்ணோடு நிமிர்ந்ததற்கு
"பார்வையப் பாரு, கொழுப்பு" என்றார்
ஐஸ் கம்பெனி முதலாளி.
இன்றைக்குத்தான் முதல்முறை
அதை நிறுத்துக் கொடுத்திருக்கிறார்கள்:
நாற்பத்திரண்டு கிராம்.

நாலு மணி நேரம்.
கூரையில் ஒரு பல்லி
என்னைவிட நன்றாக அசையாமல் இருந்தது.
அதை யாரும் அளக்கவில்லை.

தாளைக் கிழித்துத் தந்தாள்.
பதினோரு வருஷம் ஐஸ் பாருக்குப் பில் போட்டவள்
கூட்டலைச் சரிபார்க்காமல் வாங்குவேனா?
சர்க்கரை நாளைவிட முப்பத்தெட்டு கலோரி கூடுதல்.
"நல்லதா?"
"ஒருத்தர் கணக்க வச்சு சொல்ல முடியாதுங்க.
இன்னும் பதினேழு பேர் வரணும்."
அந்தப் பதினேழு பேரும் எந்தெந்தப் படியில்
இப்போது நின்றுகொண்டிருக்கிறார்களோ.

தாளின் அடியில் இன்னொரு வரி:
ஓய்வில், ஒரு நாளைக்கு,
ஆயிரத்து முந்நூற்றுப் பத்து.
சும்மா கிடப்பதற்கு மட்டும்.
மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன்.
நாத்தனாருக்குக் காட்டலாம்.
காட்டமாட்டேன். ஆனால் இருக்கிறது.

முதுநகர் மார்க்கெட்டில் கவலை மீன்
கூறு எண்பது ரூபாய்.
"நெய் வச்ச மீனு அண்ணி, சட்டில எண்ணெயே வேணாம்."
இத்தனை கொழுத்த மீனுக்கு
யார் வைத்தார்களோ இந்தப் பேரை.
அரைக் கூறு போதுமென்றேன்,
முழுதாக வாங்கினேன்.

மீன் சட்டியில் சீறும்போது
காய்ந்த துணியெடுக்க மாடிக்கு ஓடினாள் கயலரசி.
பதினொன்று முடியப்போகிறது அவளுக்கு.
ரெண்டு ரெண்டு படியாகத் தாவியவள்
ஏழாவது படியில் சுவரைப் பிடித்து நின்றாள்.

"ஏன்டி நின்னே?"

"சும்மா."

மீனைத் திருப்பிப் போட்டேன்.
அந்தப் பக்கம் கருகியிருந்தது.