காலி வீதிக்குச் சமாந்தரமாக

மில்லர் சுட்டி எனக்கு விளங்கியது
விரிவுரை மண்டபத்தில் அல்ல.
நூறாம் இலக்க பஸ்ஸில்,
வெள்ளவத்தைச் சந்தி தாண்டுகையில்,
மிதிபலகையில் ஒற்றைக் காலோடு.

மூன்று அச்சு. ஒரு தளம்.
எங்கெங்கே வெட்டுகிறது என்று பார்.
வெட்டிய தூரங்களைத் தலைகீழாக்கு.
பின்னம் வந்தால் பெருக்கிப் போக்கு.
இவ்வளவுதான் என்றிருந்தாள் ஸஹ்லா,
கடலை கொறித்துக்கொண்டே.
ஏன் தலைகீழாக்க வேண்டும் என்று
ஏற்கெனவே ஒருதரம் பெயிலான நான்
கேட்கவில்லை.

பஸ்ஸில் பார்த்தேன்:
வீதி கடலோடு கூடவே வருகிறது.
ஒழுங்கை முடிவில் ஒரு கணம் நீலம், பிறகு சுவர்.
ஒரு கணம் நீலம், பிறகு வங்கி.
பம்பலப்பிட்டி போயிற்று, கொள்ளுப்பிட்டி போயிற்று,
வீதி கடலை வெட்டவில்லை.
வெட்டும் தூரம் முடிவிலி.
முடிவிலியை எந்தக் கொப்பியில் எழுதுவது?
தலைகீழாக்கினேன்.
பூச்சியம்.
அப்பாடா, பையில் வைக்கலாம்.

கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகள் எல்லாவற்றுக்கும்
ஒரே சுட்டிதான்.
வாடகை மட்டும் வேறு.

கழித்தல் ஒன்றுக்குக் குறி முன்னால் வராது,
தலைக்கு மேல் ஒரு கோடு.
புறக்கோட்டையில் மழை.
பத்திரிகையைத் தலைக்குப் பிடித்து இறங்கியவர்கள்
எல்லாரும் கழித்தல் ஒன்று.

தோடம்பழக்காரர் குவியலை முடித்துக்கொண்டிருந்தார்.
மூன்று பழத்தின் பள்ளத்தில் ஒரு பழம்.
முகமையச் சதுரமுகி என்று
நாலு நாளாய் நான் கீறிக் கீறி அழித்தது
தார்ப்பாயின் கீழே நனையாமல் இருந்தது.
சரிவைத் தொட்டு வாய்விட்டே சொல்லிவிட்டேன்:
ஒன்று, ஒன்று, ஒன்று.
"மூணா?" என்றார், பையை விரித்தபடி.

மூன்று வாங்கினேன்.

இரவு, கடைசிக் கணக்கு.
தளம் உற்பத்திப் புள்ளிக்கூடாகவே போகிறது.
தூரம் பூச்சியம், தலைகீழாக்க வழியில்லை.
புள்ளியை நகர்த்து என்கிறது புத்தகம்,
பக்கத்துக் கலத்தின் மூலைக்கு.
பளிங்குக்கு எந்த மூலையும் ஒன்றுதானாம்.

வீட்டுக்கார அம்மா கதவைத் தட்டி
பதிவுப் படிவம் தந்தார்.
இது எனக்கு நாலாவது அறை.
நிரந்தர முகவரி என்ற கட்டத்தைப்
பென்சிலால் நிரப்பினேன்.

திரும்பினால் ஸஹ்லா
ஒரு பழத்தை உரித்துப் பாதி தின்றிருந்தாள்.
மூன்று புள்ளி இருந்தால் ஒரு தளம்.
மேசையில் மிச்சம் இரண்டு.
சரி, போகட்டும்.
இரண்டு புள்ளி, ஒரு திசை.