காதுக்குப் பின்னால் மாவு

ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து
இருபத்தாறு வருடமாக ரொட்டி சுடுகிறவன் நான்.
பிரான்ஸ் அட்லாண்டிக்குக்குள் மூக்கை நீட்டும் இடத்தில்
எங்கள் ஊர். மழை, மீன், மறுபடியும் மழை.
ஆறு மணிக்குக் கடைக்கதவைத் திறந்தால்
வாசனையைப் பிடித்துக்கொண்டு
ஈரக் குடைகள் வரும்.

கேம்ப்பேர் ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா
கோப்பிலிருந்து தலை நிமிராமல் சொன்னார்:
உங்கள் மனைவிக்குக் கோதுமை ஆகாது.
ஒரு துகள்கூட.
பிறகு என்னைப் பார்த்து,
நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?

ஆஸெனோர் சிரித்துவிட்டாள்.
எட்டு வருட வயிற்றுவலி, முழங்கையில் கொப்புளம்.
காப்பியை நிறுத்திப் பார்த்தாள், பாலை நிறுத்திப் பார்த்தாள்,
ஒரு வருடம் என் அம்மாவோடு பேசுவதையும்.
கடைசியில் பார்த்தால்
தினமும் முதல் ரொட்டியில் முறுகலான முனையை ஒடித்து
கோட்டுப் பையில் சூடு ஆறாமல்
நான் கொண்டுவந்து கொடுத்தேனே,
அது.

மரப்பலகை போயிற்று. சல்லடை, டோஸ்டர்,
கீறல் விழுந்த வாணலி, எல்லாம் கடைக்கு.
அப்பா விட்டுப்போன புளிமாவு ஜாடியைத்
துண்டில் சுற்றி நானே தூக்கிப் போனேன்.
வழியில் யாரோ குழந்தையா என்று கேட்டார்கள்.
வெண்ணெய்க்கு இரண்டு கிண்ணம். சிவப்பு மூடி அவளுக்கு.
உதட்டுக் களிம்பில்கூட கோதுமை எண்ணெய் இருந்தது;
பூதக்கண்ணாடி வைத்துப் படித்தாள்,
படிக்கப் படிக்கக் குப்பைத்தொட்டி நிரம்பியது.
பிறகு தேன்மெழுகு, சூரியகாந்தி எண்ணெய்,
தோட்டத்துக் காலெண்டுலா இதழ்கள்.
ஜன்னலோரம் நாலு வாரம் ஊற வேண்டுமாம்.
இந்த ஊர் வெயிலுக்கு ஒன்பது ஆனது.

இங்கே ஒரு தானியம் உண்டு, பெயர் கறுப்புக் கோதுமை.
கோதுமைக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.
ஆனாலும் அந்தப் பெயருக்கு
அவள் ஆறு மாதம் பயந்தாள்.

நான் அதில் ரொட்டி சுட்டேன்.
செங்கல்.
மறுநாள் இன்னொரு செங்கல்.
மூன்றாவது நடுவில் குழிந்து, மழைநீர் தேங்கும் போலிருந்தது.
பன்னிரண்டாவதை நான் பிசைந்துகொண்டிருந்தபோது
விடு, கூல்வென் என்றாள்.
அதை ஏன் போட்டு ரொட்டியாக்கப் பார்க்கிறாய்?
அது பாட்டுக்கு இருக்கட்டும்.

மாவு, தண்ணீர், கல்லுப்பு.
ராத்திரி முழுக்க மூடிவைத்தாள்.
இரும்புக்கல்லில் கொழுப்புத் துணியால் ஒரு தடவல்,
மாவு விழுந்ததும் ஒரு சீறல்.
முதல் கலெட் நாய்க்கு.
இரண்டாவது விளிம்பெல்லாம் லேஸ் பின்னிக்கொண்டு எழுந்தது.
மேலே முட்டை, வதக்கிய லீக், உப்பு வெண்ணெய்.
சிவப்பு மூடி.

அவள் சாப்பிட்டாள்.
அடுப்பின் கண்ணாடி வழியே மாவு உப்புவதைப் பார்ப்பதுபோல்
நான் அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒரு மணி நேரம். இரண்டு.
என்னம்மா செய்கிறது?
ஒன்றும் செய்யவில்லை என்றாள்,
சொல்லிவிட்டு அவளே திகைத்து
கரண்டியைக் கீழே வைத்தாள்.

இன்றைக்கும் ரொட்டிதான் எனக்குச் சோறு போடுகிறது.
பதினொரு மணிக்குப் பின்கதவில் உடை களைந்து,
நகக்கண் தேய்த்து, பல் துலக்கி, மீசை கழுவி
சொந்த வீட்டுக்குள் விருந்தாளியாக நுழைகிறேன்.
வெடித்த என் விரல்களுக்குக் களிம்பு பூசுகிறாள்,
பூசும்போதே மோந்தும் பார்த்துக்கொள்கிறாள்,
சுங்கச்சாவடி அதிகாரி மாதிரி.

நேற்று, முத்தத்துக்கு ஒரு விரற்கடை முன்னால்
என் தாடையைப் பிடித்துத் திருப்பி,
காதுக்குப் பின்னால் என்றாள்.

குழாயடிக்குத் திரும்பிப் போனேன்.
தண்ணீர் கொஞ்ச நேரம்
வெள்ளையாக ஓடியது.