மாற்றுப் பாதை

ஓரெஸ்ட் டூபிக்கின் பயணப் படிவம்
மாதக் கடைசி வெள்ளி என் மேசைக்கு வரும்,
காபிக் கோப்பை வைத்த வட்டத்தோடு.
தேதி, புறப்பட்ட ஊர், சேர்ந்த ஊர்,
ஓடோமீட்டர் தொடக்கம், முடிவு.
காரணம் என்ற கட்டத்தில் எப்போதும் ஒரே சொல்:
தராசு.

சஸ்கச்சுவானின் மேற்கே
தானியக் கிடங்கு வாசல்களில்
லாரியை அப்படியே நிறுக்கும் தராசுகள் உண்டு.
அவை சரியாக நிறுக்கின்றனவா என்று
நிறுத்துப் பார்ப்பது அவர் வேலை.
கிலோமீட்டருக்கு இத்தனை காசு என்று
எண்ணிக் கொடுப்பது என் வேலை.

பதினோரு வருடம்.
நேரில் பார்த்தது மூன்று தடவை,
அதில் ஒன்று, யாரோ ஓய்வுபெற்ற நாளின் கேக் முன்னால்.
ஆனால் எனக்குத் தெரியும்,
சஸ்கட்டூனிலிருந்து ரோஸ்டவுன் அவருக்கு நூற்றுப் பதினாறு.
பனி கொட்டினாலும் நூற்றுப் பதினாறு.
கிண்டர்ஸ்லி போவதென்றால்
முதல் நாளே திட்டம் அனுப்பிவிடுவார்:
எந்த வழி, எங்கே பெட்ரோல்,
எந்த மோட்டலில் ஹீட்டர் வேலை செய்யும்.

நேற்றைய முடிவும் இன்றைய தொடக்கமும்
ஒட்ட வேண்டும். விதி அது ஒன்றுதான்.
ஒட்டவில்லையா,
நடுவில் யாரோ பிள்ளையை ஹாக்கிக்குக் கொண்டுவிட்டிருக்கிறார்கள்,
அல்லது கம்பெனி வண்டியில் மீன் பிடிக்கப் போயிருக்கிறார்கள்.
எல்லாரையும் பிடித்திருக்கிறேன்.

அக்டோபரில் நான்கு கிலோமீட்டர் ஒட்டவில்லை.
போகட்டும் என்று விட்டேன்.
நவம்பரில் பதினொன்று.
டிசம்பரில் ஒரு நாள் ரோஸ்டவுன் நூற்று நாற்பத்திரண்டு.
பணம் கேட்டதென்னவோ நூற்றுப் பதினாறுக்குத்தான்.
ஓரத்தில் பென்சிலில்,
“மிச்சம் என் கணக்கு, டார்லா. வழி தப்பிவிட்டது.”

அந்தச் சாலையில் வழி தப்ப வழியே கிடையாது.
ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி போகும்.
ஓடிப்போன நாய் மூன்று நாள் கண்ணில் படும் என்று
எங்களையே நாங்கள் கேலி செய்துகொள்ளும் தட்டை நிலம்.

ஜனவரிப் படிவத்தில், சேர்ந்த ஊர் என்ற கட்டத்தில்,
ஒரு பெயர் எழுதி அடித்து
இன்னொன்று எழுதி அதையும் அடித்து
கடைசியில் எழுதியிருந்தது:
தராசு.

டொரண்டோ தணிக்கைக்காரர் கேட்டார்,
இந்த முப்பத்தெட்டு கிலோமீட்டர் எதற்கு?
சாலைப் பணி, மாற்றுப் பாதை என்று
தட்டி அனுப்பினேன்.
ஜனவரியில், மைனஸ் முப்பதில்,
இங்கே எவன் சாலை போடுவான்?
அவருக்குத் தெரியவில்லை.
நன்றி என்று பதில் வந்தது.

அந்த முப்பத்தெட்டிலும்
எதிரே லாரிகள் வந்திருக்கும் என்பது
அப்புறம்தான் உறைத்தது.

போன் செய்தேன்.
“ரோஸ்டவுன் எவ்வளவு தூரம், ஓரெஸ்ட்?”
“நூற்றுப் பதினாறு,” உடனே சொன்னார்,
இதெல்லாம் ஒரு கேள்வியா என்கிற குரலில்.
“இப்போது எங்கே இருக்கிறீர்கள்?”

நின்ற வண்டிக்குள்
இண்டிகேட்டர் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது.
இடமா வலமா,
இங்கிருந்து சொல்ல முடியவில்லை.