வலப்பக்கம்

கடைசி லோக்கல் போன பிறகுதான்
மேசை சொன்னபடி கேட்கும்.
அதுவரை, நாலு நிமிடத்துக்கொரு தரம்
ஜி.டி.பி. நகர் தாண்டி வரும் வண்டி
டம்ளரை, ஜன்னல் கம்பியை, என் மணிக்கட்டை
ஒன்றாகப் பிடித்து உலுக்கிவிட்டுப் போகும்.
உருகிய ஈயம் அந்த நேரம் பார்த்து
வேண்டாத இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.
ஒரு மணிக்கும் நாலு மணிக்கும் நடுவில்
எனக்கென்று ஓர் எஞ்சின்.

ஒய்.பி. வகை, மீட்டர் கேஜ்.
எண் 2863. முப்பத்திரண்டில் ஒரு பங்கு.
எங்கள் ஊர் வழியாக ஓடியது என்றெல்லாம் நினைக்காதீர்கள்,
நான் அதில் ஏறியதில்லை, பார்த்ததுமில்லை.
சோர் பஜாரில் உடைந்த தராசுக்கு அடியில் கிடந்த
புகைப்படம். இருபது ரூபாய்.
இடப்பக்கம் முழுக்கத் தெரிந்தது.
கேபினுக்குக் கீழே ஓர் ஒட்டுத்தகடு,
தகட்டில் பதினோரு ஆணி.
பன்னிரண்டாவது இருக்கவேண்டிய இடத்தில் ஓட்டை.
அந்த ஓட்டைதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

பகலில் நான் பல் செய்கிறவள்.
சயானில் மக்வானாவின் லேப், மூன்றாம் மாடி.
முகம் தெரியாத ஒருவரின் கடைவாய்க்கு
மெழுகில் மேடும் பள்ளமும் செதுக்கி
உலோகம் ஊற்றி, உரசி, டப்பாவில் போட்டு
சீட்டு ஒட்டி அனுப்புவேன்.
அதே மெழுகு, அதே ஊசி
ராத்திரியில் விசிலாகும், வால்வாகும்,
முகப்பு விளக்கின் கூண்டாகும்.

'ஓடுமா?' என்றான் இருதயராஜ்,
பாதித் தூக்கத்தில், தண்ணீர் குடிக்க எழுந்தவன்.
ஓடாது.
'அப்புறம் உள்ளே எதுக்குக் கரி? கதவைத்தான் மூடப்போறியே?'
மூடத்தான் போகிறேன்.
அவன் குடித்துவிட்டுப் படுத்துவிட்டான்.
நான் இன்னும் ஏழு துண்டு கரி வைத்தேன்.

வலப்பக்கம்தான் தெரியவில்லை.
வரைபடம் இருக்கிறது, சுவரில் ஒட்டியிருக்கிறேன்.
ஆனால் வரைபடம் எந்த எஞ்சினும் அல்ல.
பாடப்புத்தகத்துப் பல்
யார் வாயிலும் முளைத்ததில்லை.
இடப்பக்கமே மெல்லுகிறவருக்கு இடப்பக்கம் தேயும்,
வலப்பக்கம் கூர் மழுங்காமல் நின்று
ஒருநாள் கன்னத்தைக் கடிக்கும்.
ஒரு பாதியைக் கண்ணாடியில் திருப்பி
மறுபாதி என்று ஒட்டினால்
அது வாயல்ல, வாய் மாதிரி.

பதினாறு பேருக்கு எழுதிக் கேட்டேன்.
இரண்டு மழைக்காலம் கழித்து மிரஜிலிருந்து ஒரு கவர்.
உஷா பண்டிவடேகர், ஷெட் கிளார்க் ஒருவரின் மகள்.
'வழியனுப்பு விழா. வலப்பக்கம்தான்.
உபயோகப்படுமா தெரியவில்லை.'

வலப்பக்கம்தான். சந்தேகமே இல்லை.
அதன் முன்னால் நாற்பத்து மூன்று பேர்.
நடைபலகையில், சக்கரங்களுக்கு முன்னால்,
கரி வண்டியின் மேல், படிக்கட்டில் தொற்றிக்கொண்டு.
ஒவ்வொரு குழாயையும் ஒரு முதுகு மறைத்திருந்தது.
சிலிண்டர் இருக்கவேண்டிய இடத்தில்
மாலை போட்ட ஒரு தொப்பை.
இரண்டு தலைகளுக்கு நடுவில் மூன்று ஆணி, அவ்வளவுதான்.

பூதக்கண்ணாடியோடு ஒரு வாரம்.
கடைசியில் ஒரு கை கிடைத்தது.
பின்வரிசையில், தோளுயரத்தில்,
எதன் மேலோ சாவகாசமாக ஊன்றிய கை.
அப்படியானால் அந்த உயரத்தில் ஒரு குழாய் உண்டு.
பென்சிலை எடுத்துக் குறித்த பிறகுதான் உறைத்தது:
நீராவி ஓடும் குழாயில்
யாரும் அப்படிக் கை வைக்க மாட்டார்கள்.
படம் எடுக்கும்போதே அது ஆறியிருந்தது.

அன்று ஈயம் காய்ச்சவில்லை.

மறுநாள் மெழுகை உருட்டினேன்.
ஓர் ஆள் ஐந்தேகால் சென்டிமீட்டர்.
முதலில் முன்வரிசைக்காரர்,
சட்டைப் பையில் ரெஞ்சு, வாய் விட்டுச் சிரிக்கிறார்,
மேல்வரிசையில் ஒரு முன்பல் இல்லை.
கால் மில்லிமீட்டர் இடைவெளி.
இத்தனை வருஷத்தில்
அடைக்காமல் விட்டது அது ஒன்றுதான்.

நாலேகால் வண்டி வருகிற சத்தம்.
ஊசியைக் கீழே வைத்துவிட்டு
அவரை மட்டும் விரலால் பிடித்துக்கொண்டேன்.
இன்னும் நாற்பத்து இரண்டு பேர்.